ராஜினாமா கடிதமும் அதற்குப் பிறகும்: செய்தி மேசையிலிருந்து இணையத்துக்கு

2020ஆம் ஆண்டில் தமிழ் நாளிதழ்களில் வேலை இழந்தவர்களில் நானும் ஒருவன். மதுரையில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் உதவி ஆசிரியராகப் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது இணையச் செய்தித் தளம் ஒன்றில் ஏறக்குறைய அதே வேலையை வேறு பதவிப் பெயரில் செய்துவருகிறேன். இனி இத்தொழிலில் வேலை இழக்க நேரக்கூடியவர்களுக்கும் புதிதாக இணைய இதழியலுக்கு வருகிறவர்களுக்கும் பயன்படும் என்று தோன்றுபவற்றை மட்டும் எழுதுகிறேன். சம்பளம் நின்றதைச் சில மாதங்களில் எப்படியோ சமாளிக்க முடிந்தது. ஒரு செய்தியைப் பிழையில்லாமல் வெளியே அனுப்புவதற்கு நாளிதழ் வைத்திருந்த ஆள்கட்டு இல்லாமல் போனதைச் சமாளிக்கத்தான் நெடுநாள் பிடித்தது.

வேலை போனதற்குக் கொரோனாதான் காரணம் என்று அப்போது எல்லோரும் சொன்னோம். அது பாதி உண்மை. நாளிதழை விற்று வரும் காசு அதை அச்சிடும் செலவுக்கே காணாது. விளம்பர வருமானம்தான் அந்தப் பள்ளத்தை நிரப்பும். கரூர் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் தயாரிக்கும் அரசு ஆலை நம் மாநிலத்திலேயே இருந்தாலும், நாளிதழ்களுக்கு இறக்குமதிக் காகிதமும் தேவைப்பட்டது. அந்தக் காகிதத்துக்கு 2019 ஜூலை நிதிநிலை அறிக்கையில் 10 விழுக்காடு சுங்க வரி விதிக்கப்பட்டு, 2020 பிப்ரவரியில்தான் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 2019இலேயே பல பதிப்புகளில் பக்கங்கள் குறைந்தன, காலியான பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடந்தன. அதாவது 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது, ஏற்கெனவே மெலிந்திருந்த ஒரு தொழில்தான் அதைச் சந்தித்தது.

ஊரடங்கில் முதலில் நின்றது உள்ளூர் விளம்பரம். ஏப்ரல் 26 அன்று வந்த அட்சய திருதியைக்கு நகைக்கடைகள் திறக்கவில்லை. திருமண மண்டபங்களும் திரையரங்குகளும் ஜவுளிக்கடைகளும் மூடிக் கிடந்தன. மதுரைப் பதிப்பு எதற்கும் சித்திரைத் திருவிழாவுக்கு இணையான விளம்பரக் காலம் ஆண்டில் வேறு கிடையாது. அந்த ஆண்டு அழகர் வைகையில் இறங்கவில்லை. மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் நடந்து, இணையத்தில் நேரலையாக வந்தது. மறுநாள் காலையில் நாங்கள் முதல் பக்கத்தில் போட்ட படத்தை வாசகர்கள் முந்தைய நாளே தங்கள் கைபேசியில் பார்த்து முடித்திருந்தார்கள். செய்தித்தாள் வழியாகக் கிருமி பரவும் என்ற பேச்சு வேறு கிளம்பியது. நாளிதழ்களைத் தடை செய்யக் கோரிய மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏப்ரலில் தள்ளுபடி செய்தபோதும் வீடுகளில் அந்தப் பயம் நீங்கவில்லை. "அண்ணே, தெருவுல பாதி வீட்டுல ஒரு மாசத்துக்குப் பேப்பர் போட வேணாங்கிறாங்க" என்று ஒரு முகவர் தொலைபேசியில் சொன்னார். பல வீடுகளில் அந்த ஒரு மாதம் இன்றுவரை முடியவில்லை.

ஊரடங்குக் காலத்துக்குச் சம்பளம் தர வேண்டும் என்று மார்ச் 29 அன்று மத்திய உள்துறை பிறப்பித்த உத்தரவு, மே 18 முதல் நடைமுறையில் இல்லாமல் போனது. எங்கள் அலுவலகத்தில் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். யாரையும் நீக்குவதாக எழுத்தில் எந்தக் கடிதமும் வரவில்லை. மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவர் ஒவ்வொருவராக அழைத்து, மின்னஞ்சலில் ராஜினாமா கடிதத்தின் மாதிரியையும் அனுப்பிவிட்டு, "நீங்களே எழுதிக் குடுத்துட்டா அனுபவச் சான்றிதழ்ல எந்தக் கசப்பும் இருக்காது சார்" என்று தணிந்த குரலில் சொன்னார். அவரும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்தான். சில மாதங்களில் அவரும் அங்கே இல்லை.

ராஜினாமாவுக்கும் ஆட்குறைப்புக்கும் சட்டத்தில் இருக்கும் வேறுபாடு முழுக்க முழுக்கப் பணம் சார்ந்தது. அன்றைக்கு நடைமுறையிலிருந்த 1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம், தொழில் தகராறுகள் சட்டத்தின் பாதுகாப்பைப் பத்திரிகையாளர்களுக்கும் நீட்டித்திருந்தது. அதன்படி ஆட்குறைப்புச் செய்யப்படும் ஆசிரியருக்கு 6 மாத முன்னறிவிப்பும், மற்றப் பத்திரிகையாளர்களுக்கு 3 மாத முன்னறிவிப்பும் தர வேண்டும் அல்லது அதற்கு ஈடான சம்பளத்தைத் தர வேண்டும். அதற்கு மேல், பணி முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகக் கிடைக்கும். பணிக்கொடை இதனோடு சேராது, அது தனிக்கணக்கு. தாமாகவே விலகுவதாக எழுதிக் கொடுத்தவர் அந்த முன்னறிவிப்புச் சம்பளத்தையும் இழப்பீட்டையும் ஒரே கையெழுத்தில் விட்டுக்கொடுத்துவிடுகிறார். அனுபவச் சான்றிதழ் இந்தத் தொகைக்கு ஈடாகாது. அது எப்படியும் நிறுவனம் தர வேண்டிய ஒன்று.

பத்திரிகையாளர் சங்கத்தில் மூத்தவர் ஒருவர் அப்போது சொன்ன யோசனையைப் பின்பற்றினேன். உடனே மறுக்கவும் இல்லை, கையெழுத்திடவும் இல்லை. என்னை எந்தத் தேதியிலிருந்து, எந்தக் காரணத்துக்காக விலகச் சொல்கிறீர்கள் என்பதையும், நிலுவைத் தொகைகளின் கணக்கையும் எழுத்தில் தருமாறு பணிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலை என் சொந்த முகவரிக்கும் அனுப்பிக்கொண்டேன். இந்தக் கடைசி வேலையை எல்லோரும் முதலில் செய்ய வேண்டும்; அலுவலக மின்னஞ்சல் கணக்கு எந்த நிமிடமும் முடக்கப்படலாம், சம்பளச் சீட்டுகளும் பணி ஆணையும் பதவி உயர்வுக் கடிதங்களும் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். எழுத்தில் கேட்ட பிறகு பேச்சின் தொனி மாறியது. கடைசியில் எனக்குக் கிடைத்தது சட்டப்படியான முழுத் தொகை அன்று என்றாலும், மாதிரிக் கடிதத்தில் அப்படியே கையெழுத்திட்ட நண்பர்களுக்குக் கிடைத்ததைவிடக் கணிசமாக அதிகம். கையெழுத்திட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வீட்டுக் கடனும் பள்ளிக் கட்டணமும் இருக்கிறவருக்கு, உடனே கைக்கு வரும் ஒரு மாதச் சம்பளம் மூன்று ஆண்டு வழக்கைவிடப் பெரியதாகத் தெரிவது இயல்பு.

வழக்குக்குப் போகிறவர்கள் காலக்கெடுவைக் கவனிக்க வேண்டும். தனிப்பட்ட பணிநீக்கத்தைத் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் முறையிட்டு, 45 நாட்களில் தீர்வு வராவிட்டால் நேரடியாகத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்ற வழி அன்று இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டதால், பிரிவு எண்களும் கெடுக்களும் மாறியிருக்கின்றன. பழைய தீர்ப்பு நகலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு காத்திராமல், உடனே ஒரு தொழிலாளர் வழக்கறிஞரைப் பார்ப்பதே நல்லது.

ஊதியக் குழு விவகாரத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பத்திரிகை ஊழியர்களின் சம்பளத்தை நிர்ணயிக்க மத்திய அரசு அமைத்த மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரை 2011 நவம்பரில் அறிவிக்கையானது. 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பல அலுவலகங்களில், பழைய சம்பளமே போதும் என்று ஊழியர்களிடம் அதன் 20(ஜே) பிரிவின்கீழ்க் கையெழுத்து வாங்கப்பட்டது. அந்தக் கையெழுத்து, ஊதியக் குழு நிர்ணயித்த அளவுக்குக் குறைவாகச் சம்பளம் தருவதற்கு உரிமையாகாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஜூனில் விளக்கியது. வேலையில் இருக்கும்வரை இதைக் கேட்கத் துணிந்தவர்கள் குறைவு. வேலை போன பிறகு அந்தத் தயக்கத்துக்கு ஒரு காரணமும் இல்லை; ஆனால் கணக்குப் போட்டுக் காட்ட ஆண்டுவாரியான சம்பளச் சீட்டு வேண்டும்.

வருங்கால வைப்பு நிதியில் எங்களில் பலர் சிக்கியது இரண்டு சிறிய விஷயங்களில். ஆதாரில் ஒரு முதலெழுத்து, வைப்பு நிதிக் கணக்கில் வேறொரு முதலெழுத்து என்று இருந்தது ஒன்று. பணியிலிருந்து விலகிய தேதியை நிறுவனம் பதிவேற்றாமல் விட்டது மற்றொன்று. கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து அந்தத் தேதியை ஊழியரே இணையத்தில் பதியும் வசதி 2020 தொடக்கத்திலேயே வந்துவிட்டது, அது பலருக்குத் தெரியவில்லை. பணி 10 ஆண்டைத் தாண்டியிருந்தால் ஓய்வூதியப் பங்கைக் கையில் வாங்க முடியாது, அது பின்னாளில் மாத ஓய்வூதியமாகத்தான் வரும்; 10 ஆண்டுக்குக் குறைவாக இருந்தாலும், வாங்கிச் செலவழித்துவிடாமல் அடுத்த வேலையின் காலத்தோடு சேர்த்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டு வரம்புக்குள் சம்பளம் வாங்கிய பக்க வடிவமைப்பாளர்களுக்கு, வேலையிழப்புக் காலத்தில் 90 நாள்வரை சராசரிச் சம்பளத்தின் பாதியைத் தரும் திட்டம் ஒன்று அப்போது இருந்தது. எங்கள் அலுவலகத்திலிருந்து அதைக் கேட்டு விண்ணப்பித்தவர் யாரையும் நான் அறியேன்.

இணையத் தளத்தில் சேரும்போது, செய்தி தெரியும் என்பதால் மற்றது தானாக வரும் என்று நினைத்துக்கொண்டு போகும் மூத்தவர்களுக்கு முதல் தடை விசைப்பலகையிலேயே வந்துவிடும். நாளிதழ்களில் நாங்கள் பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சுச் செய்து பழகியவர்கள். அங்கே 'கொ' என்பதற்கு முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் விரல் போகும். இணையம் முழுக்கப் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் ககரத்துக்குப் பிறகே உயிர்க்குறி வரும். மாற்றி மென்பொருளில் போட்டு எடுத்த பழைய கட்டுரைகளில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகக் கிடக்கும். அதைவிட மோசம், கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தும் தேடலில் அகப்படாத சொற்கள். தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ள எந்த வயதிலும் சில வாரங்கள் போதும். வேலையில் இருக்கும்போதே இதைப் பழகிக்கொள்ளுங்கள் என்று நாளிதழ் நண்பர்கள் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். நேர்காணலில் தட்டச்சுத் தடுமாற்றம் அனுபவத்தை மறைத்துவிடுகிறது.

ஆள்கட்டு என்று முதலில் சொன்னேனே, அதற்கு வருகிறேன். உசிலம்பட்டியிலிருந்து பகுதிநேர நிருபர் ஒரு செய்தி அனுப்பினால், அது மாவட்ட நிருபர், மேசை உதவி ஆசிரியர், மெய்ப்புத் திருத்துபவர், பக்கப் பொறுப்பாளர், செய்தி ஆசிரியர் என்று பலர் கண்ணில் பட்டே அச்சுக்குப் போகும். அவர்களில் ஒருவருக்காவது அந்த ஊர்த் தலைவரின் தலைப்பெழுத்து தெரிந்திருக்கும், அல்லது அந்த வழக்கில் முன்பு ஒரு தடையுத்தரவு இருந்தது நினைவுக்கு வரும். இணையத்தில் எழுதுகிறவரே தலைப்பிடுகிறார், படம் தேடுகிறார், பதிவேற்றுகிறார், கைபேசிகளுக்கு அறிவிப்பும் அனுப்புகிறார். ஒரு ஷிப்டுக்கு இத்தனை செய்தி என்ற இலக்கு தலைக்கு மேல் நிற்கிறது. அச்சில் கடைசி நேரத்தில் அச்சுத் தட்டை நிறுத்தித் திருத்திய நாட்கள் உண்டு. கைபேசிக்குப் போய்விட்ட அறிவிப்பை யாரும் திரும்ப அழைக்க முடியாது.

இதற்காக எங்கள் சிறிய குழுவில் நான் வற்புறுத்திக் கொண்டுவந்த ஒரே விதி இதுதான்: மரணம், பெண்கள் மற்றும் குழந்தைகள் மீதான குற்றம், நீதிமன்றம், சாதி மோதல் ஆகிய நான்கிலும் இரண்டாவது ஒருவர் படிக்காமல் எதுவும் வெளியாகாது. நிர்வாகம் முதலில் முகம் சுளித்தது. ஒரு செய்தியில் இளைஞர் ஒருவர், பாதிக்கப்பட்ட சிறுமியின் பெயரைக் கவனமாக மறைத்துவிட்டு, அவள் படித்த பள்ளியையும் தந்தை கடை வைத்திருந்த தெருவையும் எழுதியிருந்ததைக் காட்டினேன். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு பெயரை மட்டுமன்றி முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. சிற்றூரில் தெருப் பெயர் ஒன்றே போதும், ஊரே அந்த வீட்டைக் காட்டிவிடும். அந்த இளைஞர் திறமைக்குறைவானவர் அல்லர். மேசையில் பக்கத்து நாற்காலியிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. தற்கொலைச் செய்திகளிலும் இதே கதை. செய்த முறையை விவரிக்கக் கூடாது, தலைப்பில் பரபரப்பு கூடாது என்ற நெறிமுறைகளை இந்தியப் பத்திரிகைக் கழகம் 2019இல் ஏற்றுக்கொண்டது. இணையத்தில் அந்த விவரம்தான் அதிகம் சொடுக்கப்படும் என்பதால் அதைத் தலைப்பில் வைக்கும் ஆசை ஒவ்வொரு முறையும் வரும். அதை எழுதாமல் 104 உதவி எண்ணைச் சேர்ப்பது என்று நாங்கள் முடிவெடுத்தோம். அதனால் சில வாசிப்புகள் குறைந்திருக்கும்.

திருத்தங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அச்சில் தவறு நேர்ந்தால் மறுநாள் மூலையில் ஒரு வருத்தக் கட்டம் வரும். இணையத்தில் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்பது பெரும் சலுகையாகத் தோன்றுகிறது. ஆனால் பழைய வடிவத்தின் திரைப்பிடிப்பு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும். மாற்றிய நேரத்தையும் மாற்றியதையும் கட்டுரையின் கீழே குறித்திருந்தால் மட்டுமே பிறகு அவதூறு அறிவிப்பு வரும்போது சொல்வதற்கு நம் கையில் ஏதாவது இருக்கும்.

வருமானப் பக்கத்துக்கு வந்தால், கூகுளின் விளம்பரத் திட்டமான ஆட்சென்ஸ் தமிழை ஏற்றதே 2018 பிப்ரவரியில்தான். தமிழ்ப் பக்கத்துக்குக் கிடைக்கும் விளம்பரக் கட்டணம் ஆங்கிலப் பக்கத்துக்குக் கிடைப்பதைவிடக் குறைவு என்பதால், அதை எண்ணிக்கையால் ஈடுசெய்யும் நெருக்கடியில் தளங்கள் இருக்கின்றன. "அடுத்து என்ன நடந்தது தெரியுமா" வகைத் தலைப்புகள் அங்கிருந்து பிறக்கின்றன. அவை எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்தத் தலைப்பைப் போடும் இளைஞரை மட்டும் திட்டுவது நியாயமன்று. கைபேசியில் கூகுள் தானாகச் செய்திகளைக் காட்டும் டிஸ்கவரில் ஒரு நாள் கொட்டும் வாசிப்பு மறுநாள் காணாமல் போகும். நிலையாக வந்தது எதுவென்று பார்த்தபோது, நான் எதிர்பாராத இடத்தில் விடை கிடைத்தது.

நாளிதழில் முல்லைப் பெரியாறு, வைகை அணைகளின் நீர்மட்டம் உள்பக்கத்தில் இரண்டு வரிப் பெட்டிச் செய்தி. இடம் போதாவிட்டால் முதலில் தூக்கப்படுவதும் அதுதான். இணையத்தில் மழைக்காலம் முழுவதும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து சிவகங்கை, ராமநாதபுரம்வரை அதைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். 71 அடி உயர வைகை அணையில் 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என்பதையும், முல்லைப் பெரியாறில் 142 அடிவரை தேக்கிக்கொள்ள உச்ச நீதிமன்றம் 2014இல் அனுமதித்ததையும், இந்த அளவுகளில் கரையோர ஊர்களுக்கும் பாசனக் கால்வாய்களுக்கும் என்ன நேரும் என்பதையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்தோம். நீர்மட்டத்தை மட்டும் நாள்தோறும் புதுப்பித்தோம். அந்தப் பக்கம் ஒவ்வோர் ஆண்டும் மழையோடு உயிர்பெறுகிறது. பட்டா மாறுதல், வாரிசுச் சான்றிதழ், மின் இணைப்புப் பெயர் மாற்றம் பற்றிய விளக்கங்களும் அப்படியே. இவற்றை எழுத எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை. தாலுகா அலுவலகத்தில் எந்த மேசையில் கோப்பு தங்கும் என்று தெரிந்த பழைய நிருபர் வேண்டும். மாவட்ட நிருபராக இருந்து வேலை இழந்தவர்கள் சினிமாச் செய்தி எழுதி இளைஞர்களோடு போட்டியிடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருப்பது இதனால்தான். ஒரு சின்ன நுட்பக் குறிப்பு: பக்கத்தின் முகவரியை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வையுங்கள். தமிழில் வைத்தால் வாட்ஸ்அப்பில் பகிரும்போது அது விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக நீண்டு, பார்ப்பவர் அதை மோசடி இணைப்பு என்று எண்ணிவிடுகிறார்.

சொந்தமாக யூடியூப் சேனல் தொடங்கிய நண்பர்கள் பலர். 1,000 சந்தாதாரரும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்த பிறகே வழக்கமான விளம்பரப் பங்கு வரத் தொடங்கும் என்பதால், அதுவரை வீட்டுச் செலவுக்கு வேறு வழி இருக்க வேண்டும். தொலைக்காட்சிக் காட்சித் துண்டுகளை எடுத்துப் போட்டு, 90 நாட்களுக்குள் மூன்று பதிப்புரிமைப் புகாருக்கு உள்ளாகிச் சேனலையே இழந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். கட்டுரைக்குக் கூலி வாங்கும் தனிப்பணியாளர்கள், 10 விழுக்காடு வரி பிடித்துக்கொண்டு பணம் வந்தால், ஆண்டு முடிவில் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெற மறந்துவிடக் கூடாது. சிறு வருமானக்காரருக்கு அது ஒரு மாத மளிகைக்கு ஆகும்.

இணையத் தளத்தில் சேருமுன் பணி ஆணையில் பதவிப் பெயரைப் பாருங்கள். 'கன்டென்ட் ரைட்டர்', 'எக்ஸிகியூட்டிவ்' என்ற பெயர்களில் ஆணை தருவதே பல இடங்களில் வழக்கம். 1955ஆம் ஆண்டுச் சட்டம் செய்தித்தாள் நிறுவனங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்ததால், இணையத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அதில் இடமில்லை. இப்போது நடைமுறைக்கு வந்துள்ள பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு, உழைக்கும் பத்திரிகையாளர் என்ற வரையறைக்குள் மின்னணு ஊடகத்தையும் இணைய ஊடகத்தையும் சேர்த்திருக்கிறது. எல்லா ஊழியருக்கும் எழுத்தில் பணி ஆணை தர வேண்டும் என்றும் சொல்கிறது. பணிக்கொடைக்கு மற்றவர்களுக்கு 5 ஆண்டுப் பணி தேவைப்படும் இடத்தில் உழைக்கும் பத்திரிகையாளருக்கு 3 ஆண்டு போதும். நாளை ஒரு தகராறு வந்தால், உங்கள் வேலை செய்தி எழுதுவதா, திருத்துவதா, அல்லது விளம்பர வாசகம் எழுதுவதா என்பதே முதல் கேள்வியாக இருக்கும். எங்கள் குழுவில் அண்மையில் சேர்ந்த ஒரு பெண், சம்பளத்தைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, "சார், ஆர்டர்ல சப் எடிட்டர்னு போட்டுத் தர முடியுமா" என்று கேட்டார். செலவு எதுவும் இல்லாத கோரிக்கை என்பதால் நிர்வாகம் உடனே ஒப்புக்கொண்டது.